வல்லின ற

இரவு என்பதற்கு வல்லின ‘ற’ போட்டது நான்தான்.
அந்த மனுவைத் தேடிக்கொண்டு
இன்றைக்கும் யாராவது வருகிறார்கள்.
லண்டனில் படித்தாளே, சிந்தனையெல்லாம் அங்கே வந்ததுதானே என்று
பதிலையும் கூடவே எடுத்து வருகிறார்கள்.
டீ சொல்லிவிட்டுச் சொல்வேன்:
சிங்காநல்லூர். ஆடி மாசம். சனிக்கிழமை.

சிம்ஹா என்று பெயர்.
பள்ளிக்கூடத்து வாத்தியார் சிங்கம் என்று நினைத்து
ஊருக்குப் பொருத்தம் என்றாராம்.
அவர்கள் வேதபாஷையில் அதற்குச் சந்தோஷம் என்று அர்த்தம்.
‘அப்படியொன்றும் எனக்குச் சந்தோஷமில்லை சார்’
என்றிருக்கிறாள், எழுந்து நின்று, பதின்மூன்று வயசில்.

அப்பா நப்தலி, கொச்சி யூதர்,
மில்லில் டைம்கீப்பர்.
வருகை, தாமதம், அபராதம் எல்லாம் அவர் கையெழுத்தில்
மணிமணியாக இருக்கும்.
‘கக்கூசில் ஆறு நிமிஷம். மாராத்தாள். ஓரணா.’
மாராத்தாள் என் அம்மா.
அதே கை வீட்டில்
வலமிருந்து இடமாக வேறோர் எழுத்து எழுதும்.
மகள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள்.
எப்போதென்று என்னிடம் சொன்னதில்லை.

முதலாளி அவருக்கு மட்டும் சனிக்கிழமை லீவு தந்திருந்தார்.
தயவுதான், சம்பளப் பிடித்தத்தோடு.
மூன்று நட்சத்திரம் தெரியும்வரை அந்த வீட்டில்
அடுப்பு மூட்டக் கூடாது, காசு தொடக் கூடாது,
எழுதக் கூடாது.
எங்களுக்குக் கடவுளே வந்து ஓய்வெடுக்கச் சொன்னாலும்
கேட்டில் கார்டு காட்ட வேண்டும்.

டிபனுக்கு விடுகிற இருபது நிமிஷத்தில்
ரீலிங் பெண்கள் ஒன்பது பேர் ஓடினோம் என்பாள் அம்மா.
‘அம்மிணி, ஒரு மனு எழுதணுங்.
ஏழு மணிக்கு மேனேஜர் காரேறிருவாருங்.’

சிம்ஹா வாசலில் நின்று வானத்தைப் பார்த்தாள்.
பாலக்காட்டுக் கணவாய் வழி வந்த மேகம்
குளத்துக்கு மேலே எருமையாகப் படுத்திருந்தது.
மிச்ச வானம் எங்கள் மில் புகைபோக்கியின் வசம்.
நட்சத்திரமாவது!
உள்ளே அவள் அப்பா இருமினார்.
வேண்டாமென்று சொல்லவில்லை, இருமினார்.

‘நான் எழுத மாட்டேன்.’
அம்மா முகம் செத்துவிட்டது.
‘சொல்றேன். நீங்க எழுதுங்க.’

ஒன்பதும் கைநாட்டு.
கூழ்த்தூக்கு வாங்க வந்த நான்,
மூணாங்கிளாஸோடு நின்றவன்,
குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.
‘நாங்கள் அடிமைகளாக இருந்தோம்’ என்று ஆரம்பித்தாள்.
அவர்கள் பண்டிகை ராத்திரியில் ஓதுகிற வரியாம் அது.
அம்மா மறித்தாள்:
‘இருந்தோம்னா எப்புடிங்?
இருக்கறோம்னு போடச் சொல்லுங்.’

சிம்ஹா கொஞ்சநேரம் பேசவில்லை.
பிறகு அவள் சொன்னது குறைவு, கேட்டது அதிகம்.
பொன்னாத்தாள் சொன்னாள், துளசி சொன்னாள்,
வாய்பேசாத நாச்சி விரல் போன கையைத் தூக்கிக் காட்டினாள்.
அதை எப்படி எழுதுவது?
‘நாச்சி கையைக் காட்டினாள்னு எழுது’ என்றாள்.
எழுதினேன்.
இறவு எட்டு மணிவரை நிறுத்தி வைக்கிறார்கள் என்றும் எழுதினேன்.
இறவு என்றால் சாவு என்றொரு பொருள் உண்டென்று
நாற்பது வருஷம் கழித்து அவளே சொன்னாள்.
‘திருத்தாம விட்டது நல்லதாப் போச்சு.’

திங்கட்கிழமை மனு நப்தலியின் மேசைக்கு வந்தது.
கை யாருடையதோ, குரல் வீட்டுடையது.
யார் வேலை என்று கேட்டார்கள்.
ஒன்பது கைநாட்டு இருக்கிறதே என்றார்.
லீவு ரத்து.

அடுத்த சனிக்கிழமை அவர் நடந்தே வந்தார்.
நாற்காலியில் உட்கார்ந்தார்.
பேனா மூடியைத் திறக்கவில்லை,
காலைச் சங்கிலிருந்து சாயங்காலச் சங்குவரை.
வெறுங்கையோடு கேட்டுக்கு வெளியே மகள் நின்றாள்,
வெயில் ஏறி இறங்கும்வரை.

வேலை போனது. ஆவணியில் கொச்சிக்கு ரயிலேறினார்கள்.
தான் பார்த்த முதல் வேலைநிறுத்தத்தில்
ஒரே ஒரு ஆள்தான் என்று பிற்பாடு மேடைகளில் சொல்வாள்,
யார் என்று சொல்ல மாட்டாள்.

அன்றைய பக்கம் மட்டும் பேரேட்டில் வெள்ளையாக இருந்தது.
அன்றைக்குத்தான் அம்மா
கக்கூசில் அவசரமில்லாமல் உட்கார்ந்திருந்தாளாம்.